நாடுகளின் வாசிப்புப் பட்டியலை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "பத்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனில் சிங்கப்பூர் முதலிடம், தென்னாப்பிரிக்கா கடைசி என்று ஒரு பட்டியல் பார்த்தேன். வேறு வேறு மொழியில் படிக்கிற பிள்ளைகளை ஒரே அளவுகோலில் எப்படி அளக்கிறார்கள்? இந்தப் பட்டியலை நம்பலாமா? ஒரு பெற்றோருக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?"

நம்பலாம். ஆனால் எல்லோரும் முதலில் பார்க்கிற விஷயத்தை, அதாவது யார் எத்தனையாவது இடம் என்பதை, கடைசியாகப் பாருங்கள். ஒரு நாட்டில் நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் அடிமட்டக் கோட்டைக்கூடத் தொடவில்லை என்று ஓர் எண் அதே அறிக்கையில் இருக்கும். முதலில் தேட வேண்டியது அதைத்தான். தலைப்புச் செய்தியில் அது வருவதில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வது அந்த எண்தான்.

நீங்கள் பார்த்தது 'பிர்ல்ஸ்' ஆய்வின் 2021 சுற்று முடிவு. ஐ.இ.ஏ. என்ற பன்னாட்டுக் கல்வி ஆய்வு அமைப்பு 2001 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதை நடத்துகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் இருக்கும் மையம் ஒருங்கிணைக்கிறது. 2021 சுற்றில் 57 நாடுகள், ஏறக்குறைய 4 லட்சம் பிள்ளைகள். எல்லாரும் நான்காம் வகுப்புப் படிப்பவர்கள், அல்லது அப்போதுதான் அதை முடித்தவர்கள். நான்காம் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை பள்ளியில் வாசிப்பைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அறிவியலோ வரலாறோ எதுவானாலும், வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடக்கும். அந்தத் திருப்பத்தில் வாசிப்பு கைவராத பிள்ளை ஒரு பாடத்தில் அல்ல, எல்லாப் பாடத்திலும் பின்தங்கும்.

தேர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம் புரியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மொத்தத் தேர்வில் பாதி கதைகள், பாதி தகவல் கட்டுரைகள். 2011 சுற்றுக்குப் பின் பொதுவில் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஒரு பெரிய புதைபடிவப் பல்லைப் பற்றியது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் கிடியன் மான்டெல் என்பவரிடம் அந்தப் பல் வந்து சேர்கிறது. தேய்ந்திருப்பதைப் பார்த்தால் இலைதழை மென்று தின்ற விலங்கின் பல். ஆனால் அது கிடைத்த பாறையின் காலத்தில் இருந்தவையோ ஊர்வன. ஊர்வன மெல்லாதே, பிறகு பல் எப்படித் தேய்ந்தது? கடைசியில் ஓர் அருங்காட்சியகத்தில் இகுவானா என்ற பல்லியின் பற்களைப் பார்த்ததும் அவருக்குப் புதிர் அவிழ்கிறது. 'இகுவானோடான்' என்று பெயர் வைக்கிறார். பின்னாளில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, மூக்கின் மேல் இருந்த கொம்பு என்று அவர் நினைத்தது உண்மையில் கட்டைவிரல் முள் என்று தெரியவருகிறது.

இதில் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். புதைபடிவம் என்றால் என்ன? இதற்கு விடை கட்டுரையில் அப்படியே இருக்கிறது, தேடி எடுத்தால் போதும். அந்தப் பல் அவருக்கு ஏன் புதிராக இருந்தது? இதற்கு இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்து யோசிக்க வேண்டும். மான்டெல் அந்த விலங்கைப் பற்றி என்ன நினைத்தார், இன்றைய அறிவியலாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் அட்டவணையை நிரப்பச் சொல்கிறார்கள். கட்டுரையின் வேறு வேறு இடங்களை ஒன்றாகக் கொண்டுவந்தால்தான் அது முடியும். அப்புறம், கட்டுரையோடு இருக்கும் இரண்டு படங்கள் எதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன என்று கேட்கிறார்கள். எழுதியவர் ஏன் இப்படி அமைத்தார் என்று விலகி நின்று பார்க்க வைக்கிற கேள்வி அது. மொத்தத்தில், தேடி எடுப்பதற்கு 20 சதவீதம், நேரடியாக ஊகிப்பதற்கு 30, பொருத்திப் பொருள் கொள்வதற்கு 30, எழுத்தை எடைபோடுவதற்கு 20 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிகிறதா, வேகமாக வாசிக்கிறதா என்பதை இந்தத் தேர்வு தனியாக அளப்பதே இல்லை. அது அளப்பது புரிதலை.

மொழி வேறுபாட்டைச் சமாளிக்கும் முறையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஆங்கில மூலத்திலிருந்து ஒவ்வொரு நாடும் மொழிபெயர்க்கும். அதை வெளியிலிருந்து வேறு ஒருவர் சரிபார்ப்பார். முதன்மைத் தேர்வுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் நடக்கும். எல்லா நாட்டிலும் எளிதாக இருந்த கேள்வி ஒரு நாட்டில் மட்டும் விநோதமாகக் கடினமாகிவிட்டால், மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு என்று சந்தேகிப்பார்கள். குறை முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். கதையின் சூழலே சில நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கலாம். ஆனால் ஆங்கிலத் தேர்வை அப்படியே பெயர்த்து எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். சிங்கப்பூருக்கு 587 என்றால் ஆயிரத்துக்கு 587 அல்ல. 2001இல் கலந்துகொண்ட நாடுகளின் சராசரியை 500 என்று வைத்து அளவுகோலை அமைத்தார்கள். இன்றைக்கும் அதே அளவுகோல்தான். அதன்மேல் நான்கு கோடுகள்: 400, 475, 550, 625. எளிய கட்டுரையில் வெளிப்படையாக இருக்கும் ஒரு தகவலைத் தேடி எடுக்க முடிந்தால் 400. கட்டுரை முழுவதையும் மனத்தில் வைத்து, காரணமும் ஆதாரமும் காட்டி விளக்க முடிந்தால் 625.

இந்தக் கோடுகளை வைத்துப் பார்த்தால் படமே மாறுகிறது. 2021இல் கலந்துகொண்ட நாடுகளில் பாதியில், நூற்றுக்கு 94 பேருக்குக் குறையாமல் 400ஐத் தாண்டியிருந்தார்கள். சிங்கப்பூரில் 97 பேர். அந்தக் கோட்டைப் பொறுத்தவரை முதலிடத்துக்கும் நடுவிடத்துக்கும் பெரிய தூரம் இல்லை. சிங்கப்பூர் தனித்து நிற்பது மேல்கோட்டில்: அங்கே 35 சதவீதம் பிள்ளைகள் 625ஐத் தாண்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் சராசரி 288. அங்கே 400ஐத் தொட்டவர்கள் நூற்றுக்கு 19 பேர். மீதி 81 பேர் நான்கு ஆண்டு பள்ளிக்குப் போன பிறகும், கண்முன் இருக்கும் பக்கத்திலிருந்து நேரடித் தகவல் ஒன்றை எடுக்கத் தடுமாறுகிறார்கள். 2016 சுற்றில் இது 78ஆக இருந்தது. அதே நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தத் தேர்வை வைத்தார்கள், அவர்கள் சராசரி 384. இரண்டு ஆண்டு கூடுதலாகப் படித்தும் சராசரிப் பிள்ளை அடிக்கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. 'கடைசி இடம்' என்ற இரண்டு சொல்லில் இவ்வளவும் மறைந்துபோகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

முதல் சில இடங்களுக்குக் கீழே தரவரிசை இன்னும் பயனற்றது. பின்லாந்து 549, போலந்து 549, அமெரிக்கா 548. எந்த ஆய்விலும் மாதிரி எடுப்பதால் வருகிற பிழை சில புள்ளிகள் இருக்கும். அதனால் இந்த மூன்றையும் வரிசைப்படுத்துவதில் பொருளே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று: பின்லாந்தும் போலந்தும் நான்காம் வகுப்பு முடிவில் தேர்வு வைத்தன. அமெரிக்காவில் கொரோனா காரணமாகத் தள்ளிப்போய், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு நடந்தது. அரையாண்டு வயது கூடினால் அந்த வயதில் வாசிப்பு கணிசமாக முன்னேறும். இரண்டாம் இடத்தில் வந்த அயர்லாந்தின் 577க்கும் இதே குறிப்பு உண்டு. இங்கிலாந்து ஓராண்டு தள்ளி, ஆனால் அதே வகுப்பில் நடத்தியது. இப்படிப் பல நாடுகளுக்கு அடிக்குறிப்பு இருக்கிறது. அடிக்குறிப்பைப் படிக்காமல் 2021 பட்டியலைப் பகிர்வது தவறான செய்தியைப் பரப்புவதற்குச் சமம்.

வயது எப்போதுமே இந்த ஒப்பீட்டில் சிக்கல்தான். பின்லாந்தில் ஏழு வயதில் பள்ளி தொடங்குகிறது, இங்கிலாந்தில் ஐந்தில். அதனால் இங்கிலாந்தில் ஐந்தாவது ஆண்டுப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். ரஷ்யா 2001இல் 528இலிருந்து 2006இல் 565க்குத் தாவியது. அந்த இடைவெளியில் அங்கே ஆரம்பப் பள்ளி மூன்று ஆண்டிலிருந்து நான்கு ஆண்டாக மாறியிருந்தது. பாடம் சொல்லித்தரும் முறையில் ஏதோ அதிசயம் நடந்தது என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். மொழிக்கு மொழி வாசிப்பு கைவரும் வேகம் வேறு என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் பிலிப் சீமோரும் குழுவினரும் ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சோதித்தார்கள். பழக்கமான எளிய சொற்களில் பின்லாந்துப் பிள்ளைகள் நூற்றுக்கு 98ஐச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34. பிரெஞ்சு 79, டேனிஷ் 71. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வயதில் இளையவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும், எழுத்து ஒன்று ஒலி பல என்று இருக்கும் ஆங்கிலத்தில் அடித்தளம் போடவே கூடுதல் காலம் ஆகிறது என்பது தெளிவு.

நம்மைப் போன்ற உயிர்மெய் எழுத்து முறைகளில் சிக்கல் வேறு மாதிரி. ஒலி ஏறக்குறைய நிச்சயம். ஆனால் கற்க வேண்டிய வடிவங்கள் மிக அதிகம். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, எழுத்துகளை முழுவதுமாகக் கற்றுமுடிக்க ஆரம்பப் பள்ளியின் பிந்தைய ஆண்டுகள் வரைகூட ஆகிறது என்று காட்டியது. ஆங்கிலப் பிள்ளை இருபத்தாறு எழுத்தை முதல் ஆண்டிலேயே முடித்துவிடும், ஆனால் சொல்லைப் படிக்கத் திணறும். கன்னடமோ தமிழோ படிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரிந்தால் சொல் தானாக வரும், ஆனால் எழுத்தே மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். ஆகவே இரண்டாம் வகுப்பில் இந்த இரு பிள்ளைகளையும் ஒரே எழுத்துச் சோதனையில் நிறுத்தினால் அது நேர்மையான ஒப்பீடாகாது. 'ஈக்ரா' என்ற தொடக்க வகுப்பு வாசிப்புச் சோதனையில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவார்கள். ஒரு திட்டத்தின் முன்னும் பின்னும் அளக்க அது நல்ல கருவி. ஆனால் தமிழில் ஒரே சொல்லாக எழுதுவது ஆங்கிலத்தில் நான்கு சொல்லாகலாம். நிமிடத்துக்கு 45 சொல் என்ற இலக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போவது பிழை.

நான்காம் வகுப்பில், புரிதலைச் சோதிக்கும்போது, இந்த வேறுபாடு பெருமளவு மங்கிவிடுகிறது. மேலே இருப்பவர்களைப் பாருங்கள்: சிங்கப்பூரில் ஆங்கிலம், ஹாங்காங்கில் சீன எழுத்து, ரஷ்யாவில் ரஷ்ய மொழி, அப்புறம் பின்லாந்து, போலந்து. எழுத்துமுறை எதுவானாலும் மேலே வர முடிகிறது. கற்பிக்கிற மொழியும் வீட்டில் பேசுகிற மொழியும் விலகி நிற்பதுதான் பெரிய தடை. அரபு நாடுகளில் வீட்டில் பேசுவது ஒரு வழக்கு, புத்தகத்தில் இருப்பது வேறு. எகிப்து 378, மொரோக்கோ 372. இரட்டை வழக்கோடு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். அதே சமயம், மொரோக்கோ 2011இல் 310 வாங்கிய நாடு. மொழிச் சூழல் மாறாமலேயே பத்தாண்டில் அறுபது புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆகவே மொழியைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது.

தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்பில் எந்த மொழியில் படித்தார்களோ அந்த மொழியிலேயே தேர்வு எழுதினார்கள், மொத்தம் 11 மொழிகள். ஆப்பிரிக்கான்ஸில் எழுதியவர்களின் சராசரி 387, செட்ஸ்வானாவில் எழுதியவர்களின் சராசரி 211. இதைப் பார்த்துத் தாய்மொழிக் கல்விதான் குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. செட்ஸ்வானாவில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழைப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்த மொழிகளில் சிறுவர் நூல்கள் மிகக் குறைவு. அப்போது நான்காம் வகுப்பிலிருந்து பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தாய்மொழியில் வாசிப்பு முழுமையாக வேர்பிடிப்பதற்குள் பிடுங்கி நட்டார்கள்.

சிங்கப்பூரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 587 ஆங்கில வாசிப்புக்கானது. அங்கே படிக்கும் பிள்ளையின் தமிழ், சீனம் அல்லது மலாய் வாசிப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் 2001இல் இதே நாடு 528இல் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறி 2021இல் 587. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள் ஏராளமாக இருக்கும் நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. அங்கே முதல் வகுப்பில் நுழையும்போதே யாருக்கு வாசிப்பு கைவரவில்லை என்று பார்த்து, அவர்களைச் சிறு குழுவாக எடுத்து நாள்தோறும் தனியாகச் சொல்லித்தருகிறார்கள். எல்லாரும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து வாசித்துப் பேசுகிற 'ஸ்டெல்லார்' என்ற பாடத்திட்டத்தை 2010 முதல் முதல் வகுப்பிலிருந்து கொண்டுவந்தார்கள். ஏற்றத்துக்கு இவைதான் முழுக் காரணம் என்று இந்தத் தேர்வை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. வசதியான சிறிய நாடு, தனிப்பயிற்சி வகுப்புகள் நிறைந்த நாடு. ஆனால் பின்தங்கும் பிள்ளையை நான்காம் வகுப்பு வரை காத்திருக்காமல் முதல் வகுப்பிலேயே கண்டுபிடிப்பதை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

இறங்கிய நாடுகளும் பாடம் சொல்லும். முதல் சுற்றில், 2001இல், முதலிடம் சுவீடன், 561. இப்போது 544. 2016இல் 555 வரை மீண்டு வந்தபின் மறுபடி விழுந்தது. 2023இல் அந்த நாட்டு அரசு வகுப்பறைத் திரைகளைக் குறைத்து அச்சுப் பாடநூல்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது. நெதர்லாந்து 554இலிருந்து 527க்கு வந்திருக்கிறது. பொதுவாகவே 2016ஐயும் 2021ஐயும் ஒப்பிட முடிந்த 32 நாடுகளில் 21இல் மதிப்பெண் குறைந்தது. கொரோனா ஒரு காரணம், ஆனால் நெதர்லாந்தின் சரிவு அதற்கும் முந்தியது.

பட்டியலில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். இந்தியா இல்லை, சீனாவின் பெருநிலம் இல்லை, ஜப்பான் இல்லை. 1970களின் தொடக்கத்தில் இதே ஐ.இ.ஏ. 15 நாடுகளில் நடத்திய வாசிப்பு ஆய்வில் இந்தியா இருந்தது, பிர்ல்ஸில் சேரவேயில்லை. இந்தியாவுக்கு 'ஏசர்' கணக்கெடுப்பு இருக்கிறது. 2005 முதல் பிரதம் அமைப்பு கிராமப்புற வீடுகளுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது: எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. 2018இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27.3 சதவீதம் அந்தக் கதையை வாசித்தார்கள், 2022இல் 20.5 சதவீதம். இதைப் பிர்ல்ஸ் கோட்டோடு ஒட்டவைக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் போவதால், பள்ளிக்கே வராத பிள்ளையும் இதில் கணக்கில் வருகிறது. பள்ளிக்குள் நடக்கும் எந்தத் தேர்வுக்கும் அந்தப் பிள்ளை கண்ணில் படாது.

பக்கத்து நாடுகளை ஒப்பிடுவது சில சமயம் உலகப் பட்டியலைவிட அதிகம் சொல்லும். தென்கிழக்கு ஆசியாவின் ஆறு நாடுகளில் 2019இல் ஐந்தாம் வகுப்புக்கு நடந்த ஆய்வில், ஆரம்பப் பள்ளி முடிவில் எதிர்பார்க்கும் வாசிப்பு நிலையை வியட்நாமில் 82 சதவீதம் எட்டினார்கள், மலேசியாவில் 58, பிலிப்பைன்ஸில் 10, லாவோஸில் 2. வியட்நாம் பணக்கார நாடு அல்ல. லாவோஸோடு எல்லையைப் பகிரும் நாடு. வறுமை மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு இதனால் என்ன பயன். உங்கள் பிள்ளையின் நிலை எந்த நாட்டுச் சராசரியிலும் தெரியாது. ஆனால் தேர்வின் அமைப்பை அப்படியே கடன் வாங்கலாம். பிள்ளை இதுவரை பார்க்காத, இரண்டு மூன்று பக்கமுள்ள ஒரு கதையோ கட்டுரையோ கொடுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். தானாக வாசித்து முடிக்கட்டும், பக்கமும் அதன் கையிலேயே இருக்கட்டும், இது மனப்பாடச் சோதனை இல்லை. பிறகு நான்கு வகையிலும் ஒவ்வொரு கேள்வி கேளுங்கள்: இது எங்கே எழுதியிருக்கிறது, ஏன் அப்படி நடந்திருக்கும், முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் எப்படிப் பொருந்துகிறது, எழுதியவர் இதை ஏன் இப்படிச் சொன்னார். பத்து வயதில் முதல் கேள்வியிலேயே தடுமாறினால் உடனே ஆசிரியரிடம் பேசுங்கள். எழுத்தறிவிலேயே இடைவெளி இருக்கலாம், பார்வையில்கூட ஏதாவது இருக்கலாம். முதல் இரண்டுக்குப் பதில் சொல்லி அடுத்த இரண்டில் நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் நிற்கும் இடம் அதுதான். பள்ளியில் யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை என்றால், வாசித்து முடித்த பிறகு ஐந்து நிமிடம் நீங்கள் கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் திருத்த அவசரப்படாமல், "எந்த வரியைப் பார்த்து அப்படி நினைத்தாய்?" என்று கேட்டு, அந்த வரியைப் பிள்ளையே காட்டும் வரை காத்திருங்கள்.